டிராஃப்ட்ஸில் நாற்பத்தொரு கடிதங்கள்

கராம்புத் தூசி மவுஸுக்கு ஆகாது. பலாபத்வலையில் எங்கள் கந்தோர் ஸ்டோருக்கு மேலேயே இருந்தது. பலகைத் தளம். கீழே கராம்பும் மிளகும் புடைக்கும்போது பலகை இடுக்கு வழியாகத் தூசி மேலே ஏறும். மவுஸின் அடியில் இருக்கும் ரப்பர் உருண்டையில் அது ஒட்டிக்கொண்டு, உள்ளே போய்க் கறுப்பாகப் படியும். பிறகு திரையில் அம்புக்குறி இடப்பக்கம் போகும், வலப்பக்கம் போகாது. உருண்டையைக் கழற்றி, உள்ளே நகத்தால் சுரண்டிவிட்டால் ஒரு மணித்தியாலம் ஓடும். 2008ஆம் ஆண்டின் முதல் பாதியில் நான் ஒரு நாளைக்கு ஆறு தடவை அந்த உருண்டையைக் கழற்றினேன். ஆறு தடவையும் தும்மினேன்.

விசைகளைக் கற்றுக்கொண்டது அந்த எரிச்சலில்தான். வேகமாக வேலை செய்ய வேண்டும் என்ற ஆசை எனக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. அவுட்லுக் எக்ஸ்பிரஸில் எந்த மெனுவைத் திறந்தாலும் ஒவ்வொரு கட்டளைக்கும் பக்கத்தில் அதற்கான விசைகளைச் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். யாரும் அதை வாசிப்பதில்லை. நான் எதையும் வாசிப்பவன். கன்ட்ரோலையும் யூவையும் சேர்த்து அழுத்தினால் வாசிக்காத அடுத்த கடிதம் வந்து நிற்கும். கன்ட்ரோலும் ஆரும் பதில் எழுதும் பக்கம். கன்ட்ரோலும் எஸ்ஸும் அழுத்தினால் எழுதியது டிராஃப்ட்ஸ் பெட்டியில் பத்திரமாக இருக்கும். ஆல்ட்டும் எஸ்ஸும் அழுத்தினால் கடிதம் போய்விடும். ஒன்பது சோடி விசைகள். ஒரு கிழமையில் கை பழகிவிட்டது. மவுஸை எடுத்து மேசை லாச்சியில் போட்டேன்.

இத்ரூஸ் ஹாஜியாருக்குச் சொந்தமான அந்த ஏற்றுமதி நிலையத்தில் ஒரு கணினிதான். அதற்கு இரண்டு பேர். காலை எட்டரையிலிருந்து பன்னிரண்டரை வரை நான், பகல் சாப்பாட்டுக்குப் பிறகு நாலரை வரை ஸரீனா. கணினி கையில் இல்லாத நேரத்தில் மற்றவர் மாதிரிப் பொட்டலங்கள் கட்ட வேண்டும். ஒரு நாளைக்கு நாற்பது கடிதம் அளவில் வரும். சாதிக்காய் விலை என்ன, மிளகின் ஈரப்பதம் எத்தனை வீதம், கப்பல் எப்போது. நாற்பதும் ஏறக்குறைய ஒரே கடிதம்தான். முன்பெல்லாம் நான் இருபது எழுதுவேன், அவள் இருபது, அவளுடையதற்கும் ஆங்கிலம் நான்தான் சொல்லிக்கொடுப்பேன்.

விசைகள் பழகிய பிறகு நான் பதினொரு மணிக்குள் நாற்பதையும் முடித்தேன்.

இது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று அப்போது தெரியவில்லை. பதினொன்றிலிருந்து பன்னிரண்டரை வரை ஒன்றரை மணித்தியாலம் யாரோடும் பேசாமல் புத்தகம் வாசிக்கலாம் என்பது மட்டும்தான் தெரிந்தது. எல்கடுவ தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவனுக்கு மௌனம் என்பது காசு கொடுத்தாலும் கிடைக்காத பொருள். ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் இருமல், இந்தப் பக்கம் ரேடியோ. நாற்பத்திரண்டு வயதில் முதன்முதலாகப் பகல் வெளிச்சத்தில், நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு நாவலை முழுதாக வாசித்தேன். அடுத்த கிழமை இன்னொன்று.

மூன்றாவது கிழமை ஹாஜியார் எங்கள் அறைக்குள் வந்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சிறிது நேரம் நின்றார். நல்ல மனிதர். எதையும் யோசித்துத்தான் பேசுவார், அதுதான் பயம். பகலில் ஸரீனாவுக்கு வேலை இருக்கிற மாதிரித் தெரியவில்லையே என்று கேட்டார். நான் காலையிலேயே முடித்துவிடுகிறேன் என்று ஏதோ பெரிய சாதனை செய்தவனைப் போலச் சொன்னேன்.

"அப்ப இதுக்கு ஒராள் போதும் போல ஈக்குதே," என்றார். "பொட்டலம் கட்ட ஸ்டோர்ல ஆள் ஈக்கு. சரி, நோன்புப் பெருநாள் வரைக்கும் பாப்பம்."

அவர் போன பிறகு ஸரீனா பொட்டலத்துக்கு நூல் கட்டுவதை நிறுத்தினாள். எப்போதும் பேசிக்கொண்டே இருக்கும் பெண். தூசியோடு பேசுவாள், நூலோடு பேசுவாள், ஹம்பர்க்கில் இருக்கும் வியாபாரியோடு திரை வழியாகச் சண்டை பிடிப்பாள். அவளுடைய புருஷன் சவூதிக்குப் போய் மூன்று வருஷம். கடைசியாகப் பேசியது தை மாதம். பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண்பிள்ளைகள். இந்த வேலை போனால் மாமியார் வீட்டுச் சமையலறையில் வாய்பேசாமல் நிற்க வேண்டும் என்று அவளே பலமுறை சொல்லியிருக்கிறாள்.

"அண்ணே, என்ட வேலயையும் சேத்து முடிச்சிட்டு நீங்க கதப்பொத்தகம் வாசிக்கிறீங்க," என்றாள். "கத நல்லமா?"

நான் புத்தகத்தை மூடி லாச்சியில் போட்டேன்.

முதலில் எனக்குத் தோன்றியது நேரான வழி. அவளுக்கும் விசைகளைக் கற்றுக்கொடுத்துவிட்டால் இரண்டு பேரும் வேகமானவர்கள், யாரையும் குறைசொல்ல முடியாது. இப்போது யோசித்தால் இந்தக் கணக்கிலேயே பிழை இருக்கிறது. இரண்டு பேரும் வேகமானால் இரண்டாவது ஆளுக்குத் தேவை இன்னும் குறையும். ஆனால் அந்தப் பிழையைக் கண்டுபிடிக்கும் அளவுக்கு விஷயம் போகவில்லை.

ஸரீனா கன்ட்ரோலை அழுத்துவாள். கையை எடுப்பாள். பிறகு எஸ்ஸை அழுத்துவாள். இரண்டையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும் என்று நான் சொல்வேன். சேர்த்துத்தானே பிடித்தேன் என்பாள். கடிதத்தின் தொடக்கத்தில் எஸ் எஸ் எஸ் என்று வரிசையாக நிற்கும். நான் அவற்றை அழிப்பேன். மறுபடி கன்ட்ரோல், மறுபடி கையை எடுத்தல். பார்க்காத ஒன்றை எப்படி அமத்துவது என்று கேட்டாள். மெனு என்றால் கண்ணுக்குத் தெரிகிறது, எழுதியிருக்கிறது, அதன்மேல் வைத்து அமத்தலாம். இது இருட்டில் உப்புச்சாடி தேடுகிற மாதிரி என்றாள். லாச்சியிலிருந்து மவுஸைத் திரும்ப எடுத்தாள். அது வலப்பக்கம் போகவில்லை. மேசையில் தட்டினாள். நான் வெளியே போய் வராந்தாவில் நின்று ஏ-ஒன்பது வீதியில் போகும் லொறிகளை எண்ணினேன்.

நான்கு நாள் முடிவில் அவளுக்குப் பிடிபட்டது இரண்டே இரண்டு. என்டர் அழுத்தினால் கடிதம் திறக்கும். ஆல்ட்டை இடது பெருவிரலால் அமத்திக்கொண்டே எஸ்ஸை அமத்தினால் கடிதம் போகும். அது ஏன் வந்தது, மற்றது ஏன் வரவில்லை என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அனுப்புவதில் அவளுக்கு ஒரு சந்தோஷம் இருந்தது, அதுவாக இருக்கலாம்.

அடுத்து, நான் மெதுவாக வேலை செய்து பார்த்தேன். அதுவும் முடியவில்லை. மூளை மெதுவாகப் போகச் சொல்கிறது, விரல் கேட்பதில்லை. கடிதத்தைப் பார்த்தவுடன் கை ஓடிவிடுகிறது. பழகிய கையைப் பழகாத கையாக்க எந்த விசையும் இல்லை.

அப்போதுதான் அம்மாவின் நினைவு வந்தது. அம்மா பேச்சியம்மா எல்கடுவையில் கொழுந்து பறித்தவள். எனக்குப் பத்து வயதிருக்கும்போது ஒருநாள் முப்பத்தொரு கிலோ பறித்துவிட்டாள். அந்தக் காலத்தில் முழுப்பேர் விழ, அதாவது ஒருநாள் முழுச் சம்பளம் கிடைக்க, பதினான்கு கிலோ போதும். கணக்கப்பிள்ளை நிறுக்கும் மடுவத்தில் எல்லோருக்கும் முன்னால் அவள் பெயரைச் சொல்லிப் பாராட்டினார். அடுத்த மாதம் எல்லோருக்கும் பதினாறு கிலோ என்று துரை உத்தரவு போட்டார். தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் அம்மாவோடு ஒரு வருஷம் யாரும் பேசவில்லை. அதன்பிறகு அம்மா பகல் சாப்பாட்டுக்கு முன்பே தன் கணக்கைப் பறித்து முடித்துவிட்டு, மலைச்சரிவில் செடி மறைவில் உட்கார்ந்திருந்து, மூன்று மணிக்கு மற்றவர்களோடு சேர்ந்து களைத்தவள் போல நடந்து வருவாள்.

எனக்கு மறைந்து உட்காரச் செடி இல்லை. டிராஃப்ட்ஸ் இருந்தது.

ஸரீனாவிடம் சொன்னேன். நாற்பதையும் நான் பதினொன்றுக்குள் எழுதிவிடுவேன். இருபதை மட்டும் அனுப்புவேன். மற்ற இருபது டிராஃப்ட்ஸில் இருக்கும். பகலில் அவள் உட்கார்ந்து பத்து நிமிஷத்துக்கு ஒன்றாக அனுப்ப வேண்டும். திறப்பதற்கு என்டர், அனுப்புவதற்கு ஆல்ட் எஸ். ஹாஜியார் போன கடிதங்களின் பட்டியலைப் பார்த்தால் காலையிலும் வேலை நடந்திருக்கும், பகலிலும் நடந்திருக்கும்.

அவள் நூற்கண்டைக் கீழே வைத்தாள். "தோட்டத்து மூள," என்றாள். பாராட்டா என்று தெரியவில்லை.

நடந்தது. நன்றாகவே நடந்தது. ஆனால் அந்த ஆறு கிழமைகளைப் போல நான் எப்போதும் சலித்துப்போனதில்லை. பதினொரு மணிக்கு வேலை முடிந்துவிடும். புத்தகத்தை எடுக்க முடியாது, ஹாஜியார் பார்ப்பார். முடிந்த கடிதத்தையே திறந்து வைத்துக்கொண்டு நெற்றியைச் சுருக்கி உட்கார்ந்திருப்பேன். முடித்த வேலையை முடிக்காதது போல நடிப்பது வேலையைவிடக் களைப்பு. பக்கத்தில் ஸரீனா பொட்டலம் கட்டிக்கொண்டு என் நடிப்பில் குற்றம் சொல்வாள். கொஞ்சம் கீபோர்டில் தட்டுங்க அண்ணே, செத்த ஆள் மாதிரி இருக்கிறீங்க என்பாள். பகலில் அவள் முறை வந்தால் கடிதங்களைச் சும்மா அனுப்புவதுமில்லை. ஒவ்வொன்றையும் திறந்து சத்தமாக வாசித்து, இந்த ஆளுக்குக் கொஞ்சம் இனிப்பாக எழுதியிருக்கலாம், அந்த ஆளுக்கு இவ்வளவு மரியாதை வேண்டாம் என்பாள். நான் பொட்டலத்துக்கு நூல் கட்டுவேன். ஹாஜியார் கதவடியில் நின்று பார்த்துவிட்டுத் தலையாட்டிவிட்டுப் போவார். பெருநாளுக்குப் பிறகும் இரண்டு பேர் தேவை என்றுதான் நினைத்திருப்பார்.

நோன்பு மாதம் நடுவில் ஒரு வியாழக்கிழமை. எட்டரைக்கு இணைப்பை எடுத்துக் கடிதங்களை இறக்கினேன், நாற்பத்தொன்று. ஒன்பது மணிக்குத் தொலைபேசி செத்துப்போனது. யுத்த நேரம், அது அடிக்கடி நடக்கும், ஏன் என்று யாரும் கேட்பதில்லை. எங்கள் இணைப்பு தொலைபேசிக் கம்பி வழியாகத்தான். நான் வழக்கம்போல நாற்பத்தொன்றையும் எழுதினேன். ஒன்றையும் அனுப்ப முடியவில்லை. எல்லாம் டிராஃப்ட்ஸில் கிடந்தன. அன்று ஹாஜியார் கராம்பு வாங்க ரிவர்ஸ்டன் பக்கம் போயிருந்தார். பன்னிரண்டு மணிக்கு வந்தவர், மாத்தளைக்குப் போய்த் தொலைபேசிக் கந்தோரில் முறைப்பாடு எழுதிவிட்டு வரச் சொன்னார்.

பஸ் பாதி வழியில் ஒரு சோதனைச் சாவடியில் நின்றது. எல்லோரும் இறங்கினோம். என்னுடைய அடையாள அட்டையை ஒருவன் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பொலிஸில் விலாசம் பதிந்த துண்டு எங்கே என்றான். அது வீட்டில், நேற்றைய சட்டைப் பையில். நான் நல்ல சிங்களத்தில் விளக்கினேன். இவ்வளவு நல்ல சிங்களம் எங்கே படித்தாய் என்று கேட்டான். கந்தோரில் என்ன வேலை என்றான். வெளிநாட்டுக்குக் கடிதம் எழுதுகிற வேலை என்றேன். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அன்றிரவு முழுக்கப் பொலிஸ் நிலையத்தில் ஒரு வாங்கில் பதினொரு பேரோடு உட்கார்ந்திருந்தேன். யாரும் யாரோடும் பேசவில்லை. நான் விரும்புகிற மௌனத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பயம் இருந்தது. பயத்துக்கு நடுவில் அந்த நாற்பத்தொரு கடிதங்களும் இருந்தன. டிராஃப்ட்ஸில் எல்லாவற்றையும் பார்த்தால் ஹாஜியாருக்கு விளங்கிவிடும், ஸரீனாவை வீட்டுக்கு அனுப்பிவிடுவார் என்று மறுபடி மறுபடி நினைத்தேன். கொழுந்தை ஒளித்தால் செடி சொல்லாது. கணினியில் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் மணி எழுதியிருக்கும்.

மறுநாள் மூன்று மணிக்கு ஹாஜியார் வந்தார். கையில் கிராம சேவகரின் கடிதம், தோட்டத்திலிருந்து ஒரு கடிதம், தன் கையெழுத்தில் ஒரு கடிதம். நோன்போடு, வெயிலில், காலையிலிருந்து மூன்று இடம் அலைந்திருக்கிறார். என்னை வானில் முன்னால் உட்காரவைத்தார். சாப்பிட்டீங்களா என்று கேட்டு, கடையடியில் நிறுத்திப் பணிஸும் டீயும் வாங்கிக்கொடுத்தார். தான் நோன்பு என்பதால் நான் சாப்பிடும்போது வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

வான் புறப்பட்ட பிறகுதான் தொடங்கினார். நேற்று இரண்டரைக்குத் தொலைபேசி வந்ததாம். ஹம்பர்க்காரன் முதல் வேலையாக அழைத்துச் சத்தம் போட்டானாம். நானும் இல்லை. ஹாஜியார் ஸரீனாவின் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்று, இன்றைக்கு ஒரு கடிதமும் போகவில்லையா என்று கேட்டிருக்கிறார். அவள் இணைப்பை எடுத்தாள். பிறகு மவுஸைத் தொடவேயில்லை. டக் டக் என்று நாற்பத்தொரு கடிதம் ஒன்றன்பின் ஒன்றாகப் போனதாம். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்திருக்கிறார். ஒன்பது நிமிஷம்.

"இவ்வளவும் நீயா மக எழுதினண்டு கேட்டேன்," என்றார். "ஒண்டும் பேசல்ல. அடக்கமான புள்ள."

நான் பணிஸ் சுற்றியிருந்த காகிதத்தை மடித்தேன்.

"மனசில எடுக்கப்படாது சிவஞானம். காலைல நீங்க நெத்தியச் சுருக்கிட்டு ஒரே கடிதத்தப் பாத்துட்டு உக்காந்திருக்கிறத நானும் ஒண்டர மாசமா பாக்கிறேன். எல்லாருக்கும் எல்லா வேலையும் வராது. நீங்க பெருநாள்லயிருந்து கீழ ஸ்டோரப் பாருங்க. மேல அவ போதும்."

வீதியோரத்தில் ஒரு கடை, ஒரு கோயில், ஒரு கடை என்று போய்க்கொண்டிருந்தது. உண்மையைச் சொல்ல ஒரு வாக்கியம் போதும். அந்த வாக்கியத்தைச் சொன்னால் ஸரீனா சமையலறைக்குப் போவாள். சொல்லாவிட்டால் நான் தூசிக்குப் போவேன். ஆனால் வேலை இருக்கும். இதை யோசித்துத்தான் பேசாமல் இருந்தேன் என்று சொல்லலாம். அப்படிச் சொன்னால் நன்றாகத்தான் இருக்கும். உண்மையில், என்னை வெளியே எடுக்க அலைந்த மனிதரிடம், ஆறு கிழமையாக உங்களை ஏமாற்றினோம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவ்வளவுதான்.

"சரிங்க ஹாஜியார்," என்றேன்.

பெருநாள் முடிந்து நான் கீழே போனேன். தராசு, சாக்கு, சாக்குக்கு ஒரு அட்டை, அட்டையில் நிறை. வேலம்மாவும் இன்னும் நான்கு பெண்களும் புடைத்துக்கொண்டிருப்பார்கள். கந்தோர் ஐயா நம்ம பக்கம் எறங்கி வந்துட்டாங்க என்று முதல் நாள் வேலம்மா சிரித்தாள். நான் தும்மினேன். நாள் முழுக்கப் பேச்சு, பாட்டு, சண்டை. ஒரு பக்கம் கூட வாசிக்க முடியாது.

இரண்டாம் நாள் பத்து மணிக்கு ஸரீனா படியிறங்கி வந்தாள். கையில் ஒரு கட்டுக் காகிதம். வந்த கடிதங்களை அச்சடித்துக் கொண்டுவந்திருந்தாள். தராசுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் நின்றாள்.

"அவர் கேட்டார் அண்ணே. நான் வாயத் தொறக்கல்ல. பொய் செல்லல்ல."

"நீங்க வாயத் தொறக்காம இருந்ததே அன்னிக்கு ஒரு நாள்தான்," என்றேன்.

அவள் முகம் சிவந்தது. நான் அப்படிச் சொன்னதற்காக வருந்தவில்லை. இன்றுவரை வருந்தவில்லை. தராசின் முள்ளை விரலால் ஒருதடவை தட்டினாள். பிறகு வழக்கமான குரலில், இருபத்தெட்டு ஈக்குது, ஒரு கையால நிறுங்க, மத்தக் கையால எழுதுங்க, நான் மேல போய் அடிக்கிறேன் என்றாள்.

அப்படித்தான் இப்போது நடக்கிறது. காலையில் காகிதம் கீழே வரும். சாக்கு நிறுக்கும் இடைவெளியில் நான் பதிலை எழுதுவேன். அவள் மேலே கொண்டுபோய் என் கையெழுத்தோடு மல்லுக்கட்டி ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடிப்பாள். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு போனால் பெரிய காரியம். என் எழுத்துப் பொடி எழுத்து என்று குறை சொல்லித் திரும்ப எழுதவைப்பாள். இரண்டு கிழமையில் இருநூறுக்கு மேல் தேங்கிவிட்டது. கடிதங்கள் கூடிவிட்டன, பாவம், ஒரு பிள்ளை எவ்வளவு செய்வாள் என்று ஹாஜியார் என்னிடமே சொன்னார். ஆமாங்க என்றேன். என் விரல்கள் சாக்கு அட்டையின் மேல் சும்மா இருக்கும்போது கூட யூ, ஆர், எஸ் என்று போகின்றன. நான் அவற்றைக் கட்டிப்போட்டு வைத்திருக்கிறேன்.

நேற்றைய கட்டில் முதல் கடிதம் ஹம்பர்க்கிலிருந்து வந்தது. சென்ற மாதம் வரை உங்கள் பதில்கள் அன்றைக்கே கிடைத்தன, இப்போது கிழமைக்கணக்கில் தாமதம், காரணத்தைத் தெரிந்துகொள்ளலாமா என்று கேட்டிருந்தார். மரியாதையான கடிதம். அதனால்தான் பதில் எழுதுவது கஷ்டம். பேனாவைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் இருந்தேன்.

"இதுக்கு என்னன்னு எழுதட்டும்?" என்று கடைசியில், எழுதியதை எடுக்க வந்த ஸரீனாவிடம் கேட்டேன்.

அவள் கடிதத்தை வாங்கி வாசித்தாள்.

"ஆள் பத்தாதுண்டு எழுதுங்க."

எழுதினேன். ஆங்கிலத்தில் அது பணிவான, தெளிவான ஒரு வாக்கியமாக வந்தது. அவள் அதை வாங்கி, தேங்கியிருந்த கட்டின் அடியில் வைத்துக்கொண்டு, படியேறி மேலே போனாள்.